மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர்

கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. தலைமுடி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். கம்பி கட்டி இழுக்கப்படும் பல் மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே நல்ல வேகம் என்கிறார்கள் மருத்துவர்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து நகர்த்துகிற பல், சும்மா வெட்டியெறிகிற நகத்தைவிட மெதுவாகப் போகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நோயாளிகளின் அலுப்பு புரியும். எடுப்பான முன்பற்களை உள்ளே கொண்டுவர, பலருக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரு முன்கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி இடம் உண்டாக்குவார்கள். அந்த இடைவெளி 7 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். கோரைப்பல்லை அதற்குள் பின்னுக்கு இழுக்கவே அரை வருடம் ஓடிவிடும். அதற்கு முன்னால் கோணல்களை நிமிர்த்த வேண்டும்; பின்னால் மற்ற முன்பற்களை இழுத்து, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகக் கடிக்கும்படி பொருத்த வேண்டும். ஒன்றரை வருடம், இரண்டு வருடம் என்று மருத்துவர் சொல்வது அவருடைய சோம்பலால் அல்ல.

"தையில கல்யாணம் டாக்டர், அதுக்குள்ள கழட்டிடலாமா?" என்று கேட்காத தாயார் கிடையாது. இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் மருத்துவர்கள் எலும்பைக் கீறியிருக்கிறார்கள், ஊசி போட்டிருக்கிறார்கள், லேசர் காட்டியிருக்கிறார்கள், பல்லை அதிரவைத்திருக்கிறார்கள். சிலது பலித்தது. பலது விளம்பரத்தில் மட்டும் பலித்தது.

பல்லை ஏன் அவசரப்படுத்த முடியவில்லை? சுவரில் அடித்த ஆணி மாதிரி பல் எலும்பில் இறங்கி நிற்கிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் பல்லின் வேர் எலும்பைத் தொடுவதே இல்லை. நடுவே கால் மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு சந்து. அதற்குள் நார்களும் நுண்ணிய ரத்தக்குழாய்களும் திரவமும். அந்த நார்களில்தான் பல் தொட்டில்போலத் தொங்குகிறது. கம்பி ஒரு பக்கமாக இழுக்கும்போது, பல் போகிற திசையில் இந்தச் சந்து நசுங்குகிறது, எதிர்ப்பக்கம் விரிகிறது. நசுங்கிய பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து கூடுகின்றன. விரிந்த பக்கத்தில் புது எலும்பு கட்டும் செல்கள் வேலையை ஆரம்பிக்கின்றன. முன்னால் ஒருவர் சுவரை இடிக்க, பின்னால் கொத்தனார் பூசிக்கொண்டே வர, நடுவில் குடித்தனம் நகர்கிறது. கம்பியின் வேலை சொல்லி அனுப்புவதோடு முடிந்தது. இடிப்பதும் கட்டுவதும் செல்களின் கையில் இருக்கிறது. அவற்றின் கூலிநேரத்தை நாம் நிர்ணயிக்க முடியாது.

அப்படியானால் இன்னும் பலமாக இழுத்தால்? முதலில் எல்லோருக்கும் தோன்றுகிற யோசனை இதுதான். இதை 1904-05 வாக்கிலேயே ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் நாய்களில் சோதித்துப் பார்த்துவிட்டார். அளவான விசையில் எலும்பு ஒழுங்காகக் கரைந்தது. விசை அதிகமானபோது நசுங்கிய பக்கத்தில் ரத்த ஓட்டம் நின்று, திசு செத்து, நுண்ணோக்கியில் கண்ணாடிபோல வெறுமையாகத் தெரிந்தது. செத்த இடத்தில் கரைப்பதற்குச் செல் ஏது? உள்ளேயிருக்கும் எலும்பிலிருந்து செல்கள் சுரங்கம் தோண்டிக்கொண்டு பின்பக்கமாக வர வேண்டும். அதுவரை, அதாவது இரண்டு மூன்று வாரங்களுக்கு, பல் அசையாமல் நிற்கும். 1932-ல் ஏ. மார்ட்டின் ஷ்வார்ஸ் இதற்கு ஒரு எல்லை சொன்னார்: நுண்குழாய்களின் ரத்த அழுத்தத்தைத் தாண்டாமல், சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம். இன்றைக்குக் கோரைப்பல்லைப் பின்னுக்கு இழுக்கும் சுருள்கம்பி தருகிற விசை 150 கிராம் அளவில் இருக்கும். ஒரு வாழைப்பழத்தின் எடை. "கொஞ்சம் இறுக்கமா கட்டுங்க, சீக்கிரம் முடியும்" என்று மருத்துவரைக் கேட்பவர்கள் தங்கள் பல்லுக்குத் தாங்களே கட்டாய விடுமுறை வாங்கித்தருகிறார்கள்.

விசையால் ஆகாதென்றால், எலும்பின் பக்கம்தான் போக வேண்டும். 1959-ல் ஆஸ்திரிய அறுவை மருத்துவர் ஹைன்ரிஷ் கோலே ஈறைத் திறந்து, பற்களுக்கு நடுவிலுள்ள எலும்பின் கெட்டியான மேல்பகுதியை வெட்டிவிட்டார். அப்படி வெட்டினால் பல்லும் அதைச் சுற்றிய எலும்பும் ஒரே கட்டியாகப் பெயர்ந்து வந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. பற்கள் வேகமாக நகர்ந்தது உண்மை. ஆனால் காரணம் அவர் நினைத்தது இல்லை. அது தெரிய நாற்பது வருடம் ஆயிற்று.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் ஈரி நகரில் வில்கோ சகோதரர்கள் இருவர். தாமஸ் ஈறு மருத்துவர், வில்லியம் பல்சீரமைப்பு மருத்துவர். ஒரே வீட்டில் இந்த இரண்டு தொழிலும் அமைந்தது ஒரு வசதி. ஒருவர் கம்பி கட்டுவதா, மற்றவர் எலும்பைக் கீறுவதா என்ற சண்டையில்லாமல், இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். ஈறைத் திறந்து, எலும்பின் மேலோட்டில் ஆழமில்லாத கீறல்களும் துளைகளும் போட்டு, மேலே எலும்புத் தூளைப் பரப்பி மூடினார்கள். 2001-ல் அவர்கள் வெளியிட்ட இரண்டு நோயாளிகளின் சிகிச்சை ஆறரை மாதத்தில் முடிந்திருந்தது. சி.டி. ஸ்கேனில் பார்த்தபோது எலும்புக் கட்டி எதுவும் பெயரவில்லை. பல்லைச் சுற்றிய எலும்பில் கால்சியம் இளகி, எலும்பு மிருதுவாகிப்போயிருந்தது. பல் அந்த மிருதுவான பாதையில் போய்ச் சேர்ந்த பிறகு, எலும்பு மறுபடி கெட்டியாயிற்று.

இது ஏன் நடக்கிறது என்பதைப் பல்லோடு சம்பந்தமில்லாத ஒருவர் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். ஹரால்ட் ஃப்ராஸ்ட் எலும்பு மருத்துவர். முறிந்த கைகால்களைப் பார்த்தவர். எலும்பில் எங்காவது காயம் பட்டால், அந்த வட்டாரம் முழுக்கச் செல்களின் வேலை வழக்கத்தைவிடப் பல மடங்கு வேகமெடுக்கிறது என்று அவர் கவனித்து 1983-ல் எழுதினார். தெருவில் ஒரு வீடு தீப்பிடித்தால் தெருவே விழித்துக்கொள்வதுபோல. காயத்தை ஆற்ற ஓடிவருகிற கூட்டத்தை, பல் நகர்த்தும் வேலையில் இறக்கிவிடுவதுதான் வில்கோக்கள் செய்தது. கூட்டம் நிரந்தரமாக நிற்காது. முதல் ஒன்றிரண்டு மாதங்களில் உச்சத்துக்குப் போகும் இந்தப் பரபரப்பு, சில மாதங்களில் அடங்கிவிடுகிறது. அதனால்தான் அவர்களுடைய நோயாளிகள் மாதமொருமுறை வராமல் இரண்டு வாரத்துக்கொருமுறை வந்து கம்பியைச் சரிசெய்துகொண்டார்கள்.

பல் பிடுங்கிய புண்ணும் ஒரு காயம்தானே? ஆமாம். பிடுங்கிய சூட்டோடு அந்த இடத்துக்குள் பல்லை இழுப்பது நல்லது என்று பல மருத்துவர்கள் நினைப்பதற்கு இதுவே அடிப்படை. தைவானில் லியூ, ஹுவாங் என்ற இரண்டு மருத்துவர்கள் இதை எல்லைவரை கொண்டுபோனார்கள். முன்கடைவாய்ப்பல்லைப் பிடுங்கும் அதே வேளையில், கோரைப்பல்லின் பின்னாலுள்ள எலும்பைக் குடைந்து பலவீனப்படுத்திவிட்டு, திருகாணி வைத்த ஒரு கருவியால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார்கள். கோரைப்பல் மூன்று வாரத்தில் 6.5 மில்லிமீட்டர் நகர்ந்ததாக 1998-ல் எழுதினார்கள். அரை வருட வேலை மூன்று வாரத்தில்! இருந்தும் உங்கள் ஊர் பல் மருத்துவமனையில் இந்தக் கருவியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். வாய்க்குள் பெரிய திருகுக்கருவி, கூடவே ஓர் அறுவை, இவ்வளவு வேகத்தில் வேருக்கும் பல்லின் உயிர்நரம்புக்கும் என்ன ஆகுமோ என்ற தயக்கம். ஒரு பல் முந்திக்கொண்டு போனாலும் மற்ற பற்கள் தங்கள் வேகத்தில்தான் வரப்போகின்றன.

வில்கோ முறையின் சிக்கலும் கிட்டத்தட்ட அதேதான். வரிசை முழுக்க ஈறைத் திறக்க எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? எனவே அடுத்த பதினைந்து வருடம் காயத்தைச் சின்னதாக்கும் போட்டியாக நடந்தது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் செர்ஜ் டிபார் 2009-ல் ஈறைத் திறக்காமல் சின்னக் கீறல் வழியாக, அதிரும் அல்ட்ராசானிக் கத்தியால் எலும்பை மட்டும் வெட்டும் முறையைக் கொண்டுவந்தார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இன்னும் சுருக்கினார்கள்: கையால் திருகும் ஒரு கருவியால் ஈறு வழியாகவே எலும்பில் மூன்று துளை. தையல் கிடையாது. அங்கே அலிகானியும் அவருடைய குழுவினரும் 2013-ல் 20 பேரிடம் செய்த ஆய்வில், துளையிட்ட பக்கத்துக் கோரைப்பல் 2.3 மடங்கு வேகமாக நகர்ந்தது. அதற்கான கருவி விற்பனைக்கு வந்தது, மாநாடுகளில் கைதட்டல் விழுந்தது.

அந்த ஆய்வில் அளந்தது 28 நாள்.

28 நாளில் தெரிகிற வேகம் மூன்று மாதத்தில் நிற்கிறதா? ஜோர்டானில் ஒரு குழு அதே மூன்று துளைகளைப் போட்டு மூன்று மாதம் அளந்து 2018-ல் வெளியிட்டது. ஒரே ஆளின் வாயில் ஒரு பக்கம் துளை, மறுபக்கம் துளையில்லை. இரண்டு பக்கமும் ஒரே வேகம். வேறு இடங்களில் செய்த சோதனைகளும் ஒன்று பலன் உண்டென்றும் ஒன்று இல்லையென்றும் பிரிந்துகிடக்கின்றன. ஊசிமுனைக் காயத்துக்குத் தெருவெல்லாம் விழிக்குமா, பக்கத்து வீடு மட்டும் எட்டிப்பார்த்துவிட்டுப் படுத்துவிடுமா என்பதுதான் கேள்வி. மருத்துவச் சான்றுகளை வடிகட்டித் தருகிற காக்ரன் அமைப்பு, 2015-ல் அறுவை வழியாகப் பல்லை வேகப்படுத்தும் முறைகளைத் தொகுத்தபோது, தேறிய ஆய்வுகள் நான்கு. அவற்றில் இருந்த நோயாளிகள் மொத்தம் 57 பேர். கல்யாண வீட்டில் ஒரு பந்திக்குக்கூட அது போதாது.

காயமே வேண்டாம் என்பவர்களுக்காக வந்தது அதிர்வுக் கருவி. இதன் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நல்ல அறிவியலும் நல்ல வியாபாரமும் எங்கே பிரிகின்றன என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. அமெரிக்காவில் கிளிண்டன் ரூபின் என்ற ஆராய்ச்சியாளர், செம்மறியாடுகளின் பின்னங்கால்களைத் தினமும் 20 நிமிடம், நொடிக்கு 30 முறை மெல்ல அதிரும் தட்டின் மேல் நிற்கவைத்தார். ஒரு வருடம் கழித்துத் தொடை எலும்பின் உட்பகுதி அடர்த்தி 34 சதவீதம் கூடியிருந்தது. 2001-ல் இது வெளிவந்தபோது பெரிய செய்தி. பிறகு வந்த 'ஆக்செல்டென்ட்' என்ற பல் கருவியும் தினமும் 20 நிமிடம், நொடிக்கு 30 அதிர்வுதான். கம்பி போட்ட பையன் அதைக் கடித்துக்கொண்டு டி.வி. பார்க்கலாம். ஆட்டின் எலும்பைக் கெட்டிப்படுத்திய அதிர்வு, மனிதத் தாடையில் எலும்பை இளக்கிப் பல்லுக்கு வழிவிடும் என்று எதிர்பார்த்ததே கொஞ்சம் விசித்திரம். வாங்கியவர்கள் யாரும் ஆட்டைப் பற்றிக் கேட்டதாகத் தெரியவில்லை.

தயாரித்த நிறுவனத்தின் ஆதரவில் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2015-ல் வந்தது: கருவியோடு மாதத்துக்கு 1.16 மில்லிமீட்டர், இல்லாமல் 0.79. அதே ஆண்டு இங்கிலாந்தில் இன்னோர் ஆய்வு. 20 வயதுக்குட்பட்ட 81 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அதிரும் கருவி. இரண்டாம் பிரிவுக்குப் பார்க்க அச்சாக அதே மாதிரி, ஆனால் அதிராத பொம்மைக் கருவி. மூன்றாம் பிரிவுக்கு வெறும் கம்பி மட்டும். கீழ்வரிசைப் பற்கள் நேராவதற்கு ஆன காலத்தில் மூன்று பிரிவுக்கும் வித்தியாசமில்லை. வலியிலும் வித்தியாசமில்லை. அந்த நோயாளிகளைச் சிகிச்சை முடியும்வரை பின்தொடர்ந்து 2018-ல் எழுதினார்கள். இடைவெளி மூடுவதிலும் மொத்தக் காலத்திலும்கூட வித்தியாசமில்லை. பல நூறு டாலர் கொடுத்து வாங்கிய அதிர்வும், அதிராத பொம்மையும், ஒன்றுமில்லாமையும் ஒரே நாளில் ஊர்வந்து சேர்ந்தன.

லேசருக்கு இந்த அளவு மோசமான பேரில்லை. குறைந்த சக்திச் சிவப்பொளி செல்களைச் சுறுசுறுப்பாக்கும் என்பது எண்ணம். பிரேசிலில் 2004-ல் 11 பேரிடம் செய்த ஆய்வில் லேசர் பட்ட பக்கம் 34 சதவீதம் வேகம் கண்டது. பின்னால் வந்தவை கலவையாக இருக்கின்றன. ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவில் ஒளி கொடுத்ததால் ஒப்பிடுவதும் கஷ்டம். ஒருவேளை சிறிது பலனிருக்கலாம். அதற்காக மாதத்தில் பல தடவை மருத்துவமனைக்கு ஏறி இறங்குகிற நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் மிச்சம் எவ்வளவு என்பது வேறு விஷயம்.

மருந்துகளின் கதை சுவையானது. எலும்பு கரைவதற்குச் செய்தி சொல்லும் ரசாயனங்களில் ஒன்று புரோஸ்டாகிளாண்டின். அதையே ஈறில் ஊசியாகப் போட்டால்? ஜப்பானில் யமசாகி குழுவினர் 1984-ல் நோயாளிகளிடம் போட்டுப் பார்த்தார்கள். பல் வேகமாகத்தான் நகர்ந்தது. ஆனால் வலியை உண்டாக்குவதும் இதே புரோஸ்டாகிளாண்டின்தான். வேகம் வேண்டுமென்றால் வலியையும் வாங்கிக்கொள் என்றால் யார் வருவார்கள்? பிரசவத்தின்போது மூட்டுகளின் நார்களைத் தளர்த்தும் ரிலாக்சின் என்ற ஹார்மோனையும் ஃப்ளோரிடாவில் முயன்றார்கள். 2012-ல் வெளிவந்த முடிவில் பலன் ஏதுமில்லை.

இதன் மறுபக்கம் வீட்டுக்கு உபயோகமானது. ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டினைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. விலங்குகளில் அவை பல் நகர்வை மந்தப்படுத்தியதைப் பார்த்திருக்கிறார்கள். கம்பி இறுக்கிய அன்றைக்கு ஒரு மாத்திரை போட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது; ஆனாலும் பல மருத்துவர்கள் பாராசிட்டமால் போதும் என்பதற்குப் பின்னால் இருக்கிற காரணம் இது. எலும்புத் தேய்வுக்கு பிஸ்பாஸ்பனேட் மாத்திரை சாப்பிடும் பெண்கள் ஐம்பது வயதுக்கு மேல் கம்பி போட ஆசைப்பட்டால், முதலில் அந்த மாத்திரைச் சீட்டை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். எலும்பைக் கரைக்கும் செல்களையே முடக்குகிற மருந்து அது. பல் நகராமல் சண்டித்தனம் செய்வது மட்டுமல்ல, பல் பிடுங்கினால் புண் ஆறாமல் தாடை எலும்பே பாதிக்கப்படக்கூடும்.

கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் அச்சுகள் வந்த பிறகு வேகத்துக்கு ஒரு புதுப் பேச்சு வந்திருக்கிறது. ஓர் அச்சு பல்லை அதிகபட்சம் கால் மில்லிமீட்டர் நகர்த்தும்படி வடிவமைக்கப்படுகிறது. இரண்டு வாரத்துக்கொன்று மாற்றிக்கொண்டிருந்ததை, 2016-லிருந்து இன்விசலைன் நிறுவனம் வாரத்துக்கொன்றாக மாற்றலாம் என்றது. நான்கு வாரம், நான்கு அச்சு, நான்கு கால். கூட்டிப் பாருங்கள்: மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர்! அதுவும் தினம் 22 மணி நேரம் மாட்டியிருந்தால். 'ஆறு மாதத்தில் அழகுச் சிரிப்பு' என்கிற விளம்பரங்களோ பெரும்பாலும் முன்னால் தெரியும் ஆறு பற்களை மட்டும் நிமிர்த்துகின்றன. கடைவாய் எப்படிக் கடிக்கிறது என்பதைத் தொடுவதில்லை. ஏமாற்று என்று சொல்ல முடியாது. வேலை பாதி, நேரமும் பாதி.

ஓசையில்லாமல் உண்மையில் வேலையைச் சுலபமாக்கியது ஓர் உலோகம். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட நிக்கல்-டைட்டானியம் கலவையை, அயோவா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் 1970-களின் தொடக்கத்தில் பல் கம்பியாக்கினார். எவ்வளவு வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும். அப்படித் திரும்பும்போது வாரக்கணக்கில் மென்மையாக, விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும். சாண்ட்ஸ்டெட்டின் நாய்கள் கற்றுத்தந்த பாடத்துக்கு ஏற்ற கம்பி.

காயத்தின் வேகம் தாராளமாகப் பயன்படுகிற ஓரிடம், தாடை அறுவை. கீழ்த்தாடை துருத்தியவர்களுக்கு முன்பெல்லாம் ஒரு வருடத்துக்கும் மேல் கம்பி போட்டுப் பற்களைத் தயார்செய்த பிறகே அறுவை. அந்தக் காலத்தில் முகம் இன்னும் விகாரமாகத் தெரியும். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் முகத்தை மறைத்துக்கொண்டு திரிவார்கள். ஜப்பானின் செண்டாய் நகரில் நாகசாகா, சுகவாரா என்ற மருத்துவர்கள் இதைத் தலைகீழாக்கி, அறுவையை முதலில் செய்து 2009-ல் வெளியிட்டார்கள். தாடையை வெட்டித் திருத்திய பெருங்காயத்தின் பரபரப்பில், பிறகு மூன்று நான்கு மாதங்களுக்குப் பற்கள் எளிதாக நகர்கின்றன. எப்படியும் நடக்கவேண்டிய அறுவை. வேகம் அதன் கூடவே இனாமாக வருகிறது.

கம்பி போட்டவர்களின் காலெண்டரைப் புரட்டினால் மாதங்கள் தொலைந்த இடம் எலும்பில் இல்லாமலும் இருக்கும். தவறவிட்ட அப்பாயின்ட்மென்ட்டுகள். கம்பியைப் பல்லோடு பிடித்துவைக்கும் பிராக்கெட் கழன்று விழ, ஒரு மாதம் கழித்து வந்து ஒட்டியது. தீபாவளி முறுக்கு, பொங்கல் கரும்பு, நல்லியெலும்பு, கடலை மிட்டாய். ஒரு பிராக்கெட் கழன்றால் அந்தப் பல் நின்ற இடத்திலேயே நிற்கிறது, சில சமயம் பின்னுக்கும் போகிறது. ஈறு வீங்கி ரத்தம் வந்தால் மருத்துவரே கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். எலும்பில் மூன்று துளை போட்டு மிச்சம்பிடிக்க நினைத்த மாதத்தை, கரும்பு ஒரு கடியில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது.

இத்தனையும் தாண்டிக் கம்பி கழன்ற அன்றைக்கு வேலை முடிந்ததா என்றால், நார்வேக்காரர் கோரே ரைட்டன் 1950-களில் நாய்களின் பற்களைத் திருகிப் பார்த்து எழுதியது இருக்கிறது. வேரைச் சுற்றிய நார்கள் சில மாதங்களில் புது இடத்துக்குப் பழகிவிட்டன. ஈறுக்குள் ஓடும் மேல்நார்களோ 232 நாள் கழித்தும் இழுபட்டே இருந்தன, பல்லைப் பழைய இடத்துக்குத் திருப்ப ஆயத்தமாக. ஆறு மாதத்தில் நேரான பல்லுக்கும் இரண்டு வருடத்தில் நேரான பல்லுக்கும் அந்த நார்கள் ஒன்றுதான். தையில் கல்யாணம் முடிந்த பெண்ணும் ராத்திரி படுக்கும் முன், பல்லைப் புது இடத்தில் பிடித்துவைக்கும் ரீடெய்னரை எடுத்து மாட்டிக்கொள்ளத்தான் வேண்டும்.